மெயின் சுவிட்சை இறக்கிய சமூகக் கட்டமைப்பு

வரலாற்றை மனிதர்கள் மாற்றுவதில்லை. கோட்பாடுகள் மாற்றுகின்றன, மனிதர்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவன் அடியேன், சமூகவியல் துறை இணைப் பேராசிரியன். ‘இணை’ உதிர ஒரு புத்தகம் பாக்கி இருந்தது.

எடுத்துக்கொண்ட பொருள், நாற்பது வருடத்துக்கு முன் பல்ப் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய பதினோரு நாள் வேலைநிறுத்தம். காரணம் ‘கட்டமைப்பு அழுத்தம்’ என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு கையில் இருந்தால் ஆராய்ச்சி வேகமாக நடக்கும்.

அதில் கலந்துகொண்ட ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார், என் மாமியார். ஒலிப்பதிவுக் கருவியோடு சமையலறைக்குக் ‘களப்பணி’ போனேன்.

“எதனால அத்தை ஆரம்பிச்சுது?”

“கக்கூசுக்குப் போய் நேரத்தை வீணாக்குறோம்னு சூப்பர்வைசர் கதவைக் கழட்டிட்டாரு. எங்க வரிசையில நெட்டைன்னு ஒருத்தி. எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கிட்டா. அப்புறம்தான் நாங்க எல்லாரும் எழுந்தோம்.”

“அவங்க இறக்கலை அத்தை. சமூகக் கட்டமைப்பு அவங்க மூலமா இறக்குச்சு.”

“அதுக்கு எட்டியிருக்காது மாப்பிள்ளை. எங்களுக்கே எட்டலை. அவ நெட்டைங்கிறதால எட்டுச்சு.”

என் கோட்பாட்டில் உயரத்துக்கு இடமில்லை. ‘தரவு நம்பகமற்றது’ என்று குறித்துக்கொண்டேன்.

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“எங்களையெல்லாம் திரும்ப எடுத்தாங்க, அவளை எடுக்கலை. கதவு வந்துச்சு, அவ வரலை. செத்தும் போயிட்டா. உங்க புத்தகத்துலயாச்சும் அவளைப் போடுங்க.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. “போட்டுடலாம் அத்தை” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று வருடத்தில் புத்தகம் வந்தது. முதல் வரைவில் நெட்டை, நெட்டையாகவே இருந்தாள். பட்டப்பெயர் ஆய்வின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று நிபுணர் குழு சொன்னதால் ‘ஒரு தொழிலாளி’ ஆனாள். தனிநபர் வழிபாடு என்று மறுபடி ஆட்சேபம் வந்தது. ‘கூட்டுச் செயலூக்கம்’ ஆனாள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது பெருமையாக இருந்தது. பேராசிரியனும் ஆகிவிட்டேன்.

மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் பத்து நாள் படித்தார்.

“அவ எங்க மாப்பிள்ளை?”

நூற்றுப் பதினேழாம் பக்கத்து வரைபடத்தில் ஓர் அம்புக்குறியைக் காட்டினேன்.

அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார்.

“சூப்பர்வைசருக்கு இவ்வளவு படிப்பில்லை” என்றார். “ரெஜிஸ்டர்ல அவ பேரை ஒரே கோட்டுல அடிச்சாரு. உங்களுக்கு முந்நூறு பக்கம் ஆயிருக்கு.”