மூக்கு மேஸ்திரி இல்லாத எட்டு நாள்

ஜவ்வாது மலையில் பிறந்த அத்தனை பேருக்கும் மூக்கு உண்டு. ஆனால் அந்த மூக்கை நம்பலாமா, கூடாதா என்று ராப்பகலாக யோசித்த ஒரே ஆள் எங்கள் மூக்கு மேஸ்திரிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அவர் சம்சாரமே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைமேல் ஒரு சந்தனக் கிடங்கில் நான் கட்டை சுமந்தேன். மேஸ்திரிக்கு அங்கே தரம் பிரிக்கும் வேலை. கட்டையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். 'ஒண்ணாம் நம்பரு', 'ரெண்டாம் நம்பரு' என்பார். குமாஸ்தா எழுதிக்கொள்வார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தையே பார்க்காத மேஸ்திரிக்கு அது பெரிய படிப்பு. அதனால் என்னை 'அஞ்சாங்கிளாசு' என்றுதான் கூப்பிடுவார். கூச்சத்தால் நான் யாரிடமும் பேசமாட்டேன். அதை நம்பி ஒருநாள் கட்டை அடுக்குக்குப் பின்னால் என்னை இழுத்துப் போனார்.

“அஞ்சாங்கிளாசு, வெளிய சொல்லிடாத. எனக்கு சந்தன வாசனையே வர்றதில்ல.”

“எப்போலேர்ந்துங்க?”

“பதினோரு வருசமா.”

“அப்போ நம்பரு எப்படிங்க சொல்றீங்க?”

“நிறத்தப் பாத்து, எடையப் பாத்து சொல்றேன். மூக்க இழுக்கறதெல்லாம் கட்டைக்கு ஒரு மரியாதை.”

கருவாடு, பீடி, பூண்டு எல்லாம் அவர் மூக்குக்குத் தெரியும். சந்தனம் மட்டும் தெரியாது. உண்மையில் எங்கள் எல்லாருக்குமே அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாளே எனக்கும் வாசனை நின்றுபோனது. ஆனால் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டவர் மேஸ்திரி ஒருவர்தான்.

“நீ படிச்சவன், சொல்லு. வாசனை கட்டையில இருக்குதா, மூக்குல இருக்குதா? கட்டையில இருந்தா எனக்கு வரணும். மூக்குல இருந்தா கட்டையே வேணாம், வூட்ல குந்திகினே மோந்துக்கலாம்.”

ஐந்தாம் வகுப்பில் அதை நடத்தவில்லை என்றேன்.

புத்தியைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் வாசனை திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குத் தூணைப் பிடித்துக்கொண்டு இருபத்தோரு சுற்று சுற்றினார். நின்றவுடன் நான் தாங்கிப் பிடித்தேன்.

“இன்னா தெரியுதுங்க?”

“ரெண்டு கிடங்கு தெரியுது. ரெண்டுலயும் வாசனை இல்ல.”

அடுத்த வாரம் தலைகீழாக நின்றார். காலைப் பிடித்துக்கொள்ள நான். மூக்குக்குள் எறும்பு போனதுதான் மிச்சம். பிறகு பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் முகமெல்லாம் வெளிச்சமாக என்னிடம் ஓடி வந்தார்.

“வந்துச்சி! வந்துச்சிடா!”

“சந்தனமாங்க?”

“இல்ல. உன் டப்பாவுல எள்ளுத் தொகையலு.”

சாமைச் சோற்றோடு அதையும் அவரே சாப்பிட்டுப் பட்டினியை முடித்துக்கொண்டார்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குமாஸ்தா அந்தச் சேதியைச் சொன்னார். கிடங்குகளுக்கெல்லாம் மேலதிகாரியான பெரிய ஐயா ஒன்பதாம் நாள் வருகிறார். மேஸ்திரியின் கண்ணைக் கட்டிவிட்டு, கட்டையைக் கையில் தொடவிடாமல், மூக்கில் காட்டி நம்பர் கேட்கப்போகிறார். தவறினால் மேஸ்திரியும் எங்களோடு கட்டை சுமக்க வேண்டியதுதான். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. முட்டி ஏற்கெனவே தகராறு.

அன்று சாயங்காலம் கடுக்காய் வாங்க வாணியம்பாடி பாய் லாரியில் வந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலைக்காக வருஷா வருஷம் மலையேறி வருபவர். வழக்கம்போல் எங்கள் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! சொர்க்கத்து வாசல்ல வேலை பாக்கறீங்க, மேஸ்திரி!”

மேஸ்திரி பொறாமையோடு பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். “பாய், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல தோல் வாடை தூக்குதே, உங்களுக்குத் தெரியுதா?”

பாய் சட்டைக் கையை முகர்ந்தார். “இன்னா வாடை? ஒண்ணும் இல்லியே!”

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். அரை மணி நேரத்தில் எட்டு நாள் லீவு சொல்லிவிட்டு, கடுக்காய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து மலையிறங்கிப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் திரும்பி வந்தார். பஸ்ஸில் அவரைச் சுற்றி நான்கு சீட்டு காலியாக இருந்ததாம். எட்டு நாளும் பாய் தொழிற்சாலையில் தோல் ஊறும் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறார். கிடங்கு வாசலில் கால் வைத்தவர் அப்படியே கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“அஞ்சாங்கிளாசு... இன்னாடா இது! இவ்ளோ நாளா இதுக்குள்ளயாடா இருந்தோம்?”

அதற்குள் பெரிய ஐயா வந்துவிட்டார். மேஸ்திரி பக்கத்தில் போனதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாய்யா இப்படி நாறுது?” என்றார். “மூக்கத் தீட்டிகினு வர எட்டு நாள் வாணியம்பாடி பாயோட தோல் தொட்டிகிட்ட இருந்தேங்க, ஐயா” என்றார் மேஸ்திரி. குமாஸ்தா மேஸ்திரியின் கண்ணைக் கட்டினார். ஐயா முதலில் சந்தனக் கட்டையைக் காட்டினார்.

“ஒண்ணாம் நம்பரு, ஐயா!”

அடுத்து வேலிக் கட்டை.

“இதுவும் ஒண்ணாம் நம்பரு!”

ஸ்டூலைக் காட்டினார்கள். அதுவும் ஒண்ணாம் நம்பர். பதினோரு வருஷ வாசனை மொத்தமாக வந்து இறங்கினால் பாவம் மூக்கு என்ன செய்யும்? குமாஸ்தாவையும் ஒண்ணாம் நம்பரில் சேர்த்தார். ஐயா கோபமாகக் கிட்டே வந்து, “அப்போ நானு?” என்றார்.

மேஸ்திரி ஒரு இழுப்பு இழுத்தார். “கொஞ்சம் கலப்படங்க, ஐயா.”

நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினோம். நான் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஐயா சந்தனக் கட்டையை எடுத்துத் தன் மூக்கில் வைத்தார். வேலிக் கட்டையை வைத்தார். மறுபடி சந்தனம். மறுபடி வேலி. முகம் வெளுத்துப்போனது. இருபது வருஷமாகச் சந்தனக் கிடங்குகளிலேயே வேலை பார்த்தவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மேஸ்திரி, அந்தப் பாய் வூடு வாணியம்பாடில எங்க?”

மேஸ்திரியின் வேலை நிலைத்தது. அடுத்த மாதம் பெரிய ஐயா எட்டு நாள் லீவு போட்டதாகக் குமாஸ்தா சொன்னார்.

மேஸ்திரிக்கு வந்த வாசனை பத்தாம் நாள் மறுபடி போய்விட்டது. “போவட்டும். இருக்குதுன்னு தெரிஞ்சிகினேன் இல்ல?” என்றார். பிறகு என் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார். “ஆமா, நான் இல்லாத எட்டு நாளும் இங்க எப்படிடா இருந்துச்சி?”

அந்த எட்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்க” என்றேன்.

தெரிந்தது, மேஸ்திரி.