கோஆர்டினேட் செய்கிறவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யாதவர்கள் ஒரு வகை என்று இத்தனை நாள் நீங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார், முகத்தில் பொறுப்பு வழியும், காதில் போன் ஒட்டியிருக்கும், வீடு மாற்றினால் லாரிக்காரருக்கு வழி சொல்வார், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், எல்லாம் முடிந்ததும் சுமை தூக்கியவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போய் நாற்காலியில் சாய்வார். ஆனால் ஒரு துரும்பைக்கூட இங்கிருந்து அங்கே நகர்த்தியிருக்க மாட்டார். அதற்காகச் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அவர் கோஆர்டினேட் செய்தார்.

நம்மவர் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். இந்தக் குணம் அவருக்கு முன்பே உண்டு, அதற்குத் தகுந்த சொல்தான் இல்லை. 'சொல்லியிருக்கேன்', 'பாக்கலாம்' என்று ஏழை வார்த்தைகளை வைத்துக்கொண்டு பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார். பிறகு அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. டை கட்டிய பயிற்சியாளர் பலகையில் அந்த ஆங்கில வினைச்சொல்லை எழுதி அடிக்கோடு போட்டார். தொலைந்துபோன உறவினரை ரயில் நிலையத்தில் பார்த்தவர்போல நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அகராதியை எடுத்தார். எதையும் அரைகுறையாகக் கற்பது அவருக்குப் பிடிக்காது. 'பலருடைய வேலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நடக்கும்படி செய்தல்' என்று பொருள் போட்டிருந்தது. வேலை யாருடையது என்று உற்றுப் பார்த்தார். பலருடையது. திருப்தியோடு மூடி வைத்தார்.

அதன்பின் அந்தச் சொல் மூச்சுக்கு முன்னூறு தரம் வந்தது. குழாய் ஒழுகுகிறதே என்று மனைவி கேட்டால் கோஆர்டினேட் செய்துகொண்டிருந்தார். மின்விசிறி கத்தினால் அதற்கும் அதுவே. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்த அம்மாள், டியூட்டி முடிந்து வந்து தானே ஸ்டூலைப் போட்டு ஏறுவார்; நம்மவர் கீழே நின்று, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு நண்பரிடம் போனில் கேட்டுச் சொல்வார். அவர் பயன்படுத்தும் விதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. செய்துகொண்டிருக்கிறேன் என்பார், செய்யப்போகிறேன் என்பார். செய்து முடித்தேன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்குத் தேர்வு வந்தது.

அரசு வேலைக்கான தேர்வு. இரண்டு முறை எழுதி மயிரிழையில் தவறவிட்டவள். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா விடியற்காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டார். கடைத்தெருவைத் தாண்டினால் வரும் பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம், நடந்தால் பத்து நிமிடம். மகள் பதற்றத்தில் முகம் கழுவிவிட்டுக் கிளம்பியவள், மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டாள். பழகிய தெருவில் எப்படியோ நடந்துவிட்டாள்; ஆனால் அது இல்லாவிட்டால் அவளுக்குக் கையில் பிடித்த தாளில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பள்ளிக்கூட வாசலிலிருந்து போன் வந்தபோது, நம்மவர் அதே மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கண்ணாடிய வெச்சிட்டு வந்துட்டேன். என்னை உள்ள வரிசையில நிக்கச் சொல்றாங்க, வெளிய வந்தா திரும்ப விடமாட்டாங்க. கேட்டுல வாட்ச்மேன்கிட்ட குடுத்தா போதும். இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"நீ டென்ஷன் ஆகாத. நான் கோஆர்டினேட் பண்றேன்."

இந்த வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா.

"அப்பா, நீங்களே வாங்கப்பா" என்றாள். போன் அணைந்தது.

நம்மவர் உடனே களத்தில் இறங்கினார். ஸ்கூட்டர் வைத்திருக்கும் மைத்துனரைக் கூப்பிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். 'கண்ணாடி அவசரம்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி, சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். அடையாளம் தெரிய வேண்டும் என்று கண்ணாடியை வெளிச்சத்துக்கு நகர்த்தி, இரண்டு கோணத்தில் படம் எடுத்துப் போட்டார். வெளியூரில் இருக்கும் அண்ணன் பவர் எவ்வளவு என்று விசாரித்தார். சித்தி லேசர் சிகிச்சையின் நன்மைகளைப் பற்றி நீளமாக எழுதினார். ஒருவர் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார். மைத்துனர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்; புறப்பட்டுவிட்டார் என்று நம்மவர் எடுத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் எப்படியும் எடுத்துப் போவார் என்று மைத்துனர் எடுத்துக்கொண்டார். மைத்துனர் கொண்டுவந்து தருவார் என்று மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். எல்லோருடைய வேலையும் அகராதியில் சொன்னபடி ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிட்டது.

'எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது' என்று குழுவில் போட்டார். கைதட்டல் குவிந்தது. களைப்பு நீங்கச் செய்தித்தாளைப் புரட்டி, படித்து முடித்து மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மதியம் மகள் வந்தாள், கூடவே டியூட்டி முடிந்த அம்மாவும். மகளுடைய கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. யாரோடும் பேசாமல் மேசையருகே போய்ச் செய்தித்தாளைத் தூக்கினாள். கண்ணாடி அதன் அடியில் இருந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். தாளை மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு எழுதினாளாம். பின்பாதிக் கேள்விகளுக்கு வருவதற்குள் தலைவலி வந்து எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்ததாம். இதை அம்மாவிடம்தான் சொன்னாள்.

நம்மவர் மகள்மீது பாசம் இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கை தானாகப் போனை எடுத்தது.

"எல்லார்கிட்டயும் தெளிவா சொன்னேனே. எங்க தப்பு நடந்துச்சுன்னு இப்பவே விசாரிக்கறேன்."

"வேணாம்பா" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

"என்ன?"

"நான் வரமாட்டேன்னு அர்த்தம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவியும் பின்னாலேயே போய்விட்டார். நம்மவர் கூடத்தில் தனியாக நின்றார். நெடுநேரம் யோசித்தார். பிறகு அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மகள் சொன்ன அர்த்தம் அதில் எங்கேயும் இல்லை. அவருக்குப் பெரிய நிம்மதி.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்கள் மச்சான், உங்கள் மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் என்று இதை யார் யாருக்கு அனுப்பலாம் என்று இந்நேரம் மனத்துக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால், உங்களை யாரோ நீங்களே வாங்க என்று கூப்பிட்டார்களே, அவர்கள் கேட்டது என்ன ஆயிற்று? ஒன்றுமில்லை, உங்கள் மேசையில் கிடக்கும் அந்தச் செய்தித்தாளை ஒரு தரம் தூக்கிப் பாருங்கள்.