அம்மாவுக்கு மயக்கம், கண்ட்ரோலுக்குக் கலக்கம்

கையில் வாக்கி-டாக்கி ஏறியதும் சிலருக்குக் குரலில் கனம் கூடும். எனக்கு நடையே மாறிவிட்டது.

மலேசியாவில், டெங்கில் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவ உதவியை ஒருங்கிணைப்பது என் வேலை. யாராவது மயங்கி விழுந்தால் அருகில் இருக்கும் மாணவத் தொண்டரை ஓடவிட வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வேண்டும். இரண்டையும் என் மேசையில் இருந்தபடியே செய்வேன். வாக்கி-டாக்கியில் என் பெயர் புனிதா இல்லை, 'கண்ட்ரோல்'. சேர்ந்த புதிதிலேயே தொண்டர்களுக்கு வகுப்பெடுத்தேன். "பதற்றம் நோயாளிக்கு உரியது. நமக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். (யாரும் எழுதவில்லை. ஆனாலும் காத்திருந்தேன்.)

அந்த ஆண்டு பட்டமளிப்பு விழாவில் என் தம்பி தினேஷும் பட்டம் வாங்கினான். அம்மா கிள்ளானிலிருந்து வந்திருந்தார். வாசலுக்குப் போய் அவரை அழைத்து வந்திருக்கலாம். போகவில்லை. கண்ட்ரோல் மேசையை விட்டு எழலாமா?

விழா தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கண்ட்ரோல், தர்ஷினி பேசுறேன். மண்டபத்துக்குப் பின்னால ஒரு ஆன்டி இருக்காங்க, அக்கா. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. பக்கத்துல போனா ஹேண்ட்பேக்கால அடிக்கிறாங்க."

தர்ஷினி முதலாம் ஆண்டு மாணவி. என் வகுப்பில் எழுதிக்கொள்ளாதவர்களில் ஒருத்தி.

"வெயில்தான் காரணம்" என்றேன். நோயாளியை நான் பார்க்கவே இல்லை. "நிழல்ல படுக்க வை. ஆம்புலன்ஸ் வருது."

"சுகரா இருக்குமோ அக்கா? இனிப்பா கொஞ்சம் சிராப் கலக்கிக் குடுத்துப் பாக்கவா?"

"வாயில எதுவும் குடுக்காத. சொன்னத மட்டும் செய்."

"படுக்க மாட்டேங்கிறாங்களே."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று என் குரல் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

"தர்ஷினி, இந்த மாதிரி ஆன்டிங்க எல்லாம் அப்படித்தான். சின்னப் பிள்ளைய அதட்டுற மாதிரி நல்லா ஒரு அதட்டு போடு. ஓவர்."

வாக்கி-டாக்கியை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. தர்ஷினியின் குரல் இல்லை.

"யாரைடி அதட்டச் சொல்ற?"

எங்கள் அலைவரிசையில் பாதுகாவலர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மண்டப மேலாளர் என எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

"புனிதா! உன் தொண்டை எனக்குத் தெரியாதா? பெத்தவள அதட்டுவியா நீ?"

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் அம்மாவின் பேச்சு குழறத் தொடங்கியது.

"சரி, அத விடு... அப்பாக்குச் சோறு எடுத்து வச்சிட்டியா? பசியோட வருவாருலா."

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. முன்வரிசை இடம் போய்விடக் கூடாதென்று காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறியிருக்கிறார்; உள்ளே தலை சுற்றவே மண்டபத்துக்குப் பின்னால் வந்திருக்கிறார். வியர்வை, நடுக்கம், கோபம், குழறல். இரத்தச் சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று படம் போட்டு வகுப்பெடுத்தவள் நான். 'உடனே சிராப் குடு' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வாக்கி-டாக்கியோடு மேசையை விட்டு ஓடினேன்.

வாக்கி-டாக்கியில் ஒருவர் பொத்தானை அமுக்கியிருந்தால் வேறு யாரும் பேச முடியாது. என் கட்டைவிரல் அதை அமுக்கியபடியே இருந்தது. பூங்கொத்து விற்பவர்களை இடித்துக்கொண்டும், ஒரு காலில் இருந்த செருப்பைப் புல்வெளியில் விட்டுவிட்டும், "அம்மா! ஐயோ, போயிடாதம்மா!" என்று நான் ஓடி வந்ததைப் பல்கலைக்கழகம் முழுக்க நேரடி ஒலிபரப்பாகக் கேட்டது.

மண்டபத்தின் பின்னால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதட்டுக்கு மேல், ரோஜா சிராப்பில் பால் கலந்த சிராப் பாண்டோங்கின் இளஞ்சிவப்பு மீசை. தர்ஷினி அடுத்த கிளாஸோடு நின்றாள்.

"சுகர் பாத்தேன் அக்கா, ரொம்ப கீழ இருந்துச்சு. இப்ப ஏறுது."

"குடுக்காதன்னு சொன்னேனே?" என்றேன், மூச்சு வாங்கியபடி.

"சரியா கேக்கல அக்கா. லைன் சரியில்ல." (லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை நூறு வருடம் வாழட்டும்.)

நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஏன்டி ஒத்தச் செருப்போட வந்திருக்க? ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இன்னும் அமுக்கிக்கிட்டே இருக்கீங்க."

விரலை எடுத்தேன். உடனே ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் குரல் வெடித்தது. எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்க வழியில்லாமல், பாவம், அவர் வளாகத்துக் குளத்தைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாக்கி-டாக்கியை வாங்கி, "தம்பி, மண்டபத்துக்குப் பின்னாலதான், மெதுவா வாங்க" என்று மலாயில் சொன்னார். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பரிசோதித்துப் பார்த்து, அம்மா தேறிவிட்டார் என்றார்கள். செருப்பில்லாமல் ஓடிக் கிழித்துக்கொண்ட காலில் எனக்குத்தான் கட்டுப் போட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. விழாவின் வீடியோ பதிவு பின்னால் வந்தது. மேடையில் தினேஷின் பெயரை அழைக்கிறார்கள். அவன் அங்கியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்து, குனிந்து, பட்டத்தை வாங்குகிறான். சரியாக அந்த நொடியில் மேடையோரம் நிற்கும் பாதுகாவலரின் இடுப்பிலிருந்து "அம்மா! ஐயோ, போயிடாதம்மா!" என்று ஓர் ஓலம். தினேஷ் வாயைப் பிளந்து திரும்புகிறான். பட்டமளித்த பெரியவரும் திரும்புகிறார். அந்த நொடியில் எடுத்த படம்தான் கிள்ளான் வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

மகன் பட்டம் வாங்கியதை அம்மா பார்த்தது அந்த வீடியோவில்தான். அதனால் தீபாவளிக்குத் தீபாவளி, முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்த கையோடு, வந்தவர்கள் எல்லாருக்கும் அதைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுவார். ஓலம் வரும் இடத்தில் நிறுத்துவார். விருந்தாளிகள் திகைத்துப் பார்ப்பார்கள். நான் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவேன். ஆனாலும் அம்மாவின் குரல் அங்கே வரைக்கும் கேட்கும், பெருமையோடு:

"மேடையில நிக்கிறது பையன். சத்தம் போடுறது பொண்ணு. அங்க எல்லாமே அவ கண்ட்ரோல்தான்."