மூன்றாவது பொட்டு

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் காய் வாங்க வந்தவர்கள்கூட நேராக நுரைச்சாமியின் கொட்டகைக்கு ஓடினார்கள். வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டது. தோஷத்தைக் கண்ணாலேயே காட்டுகிற சாமி என்றால் சும்மாவா?

முறை எளிது. வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுபோக வேண்டும். அதை நசுக்கி, ஒரு கரண்டிச் சாற்றை நீளமான கண்ணாடிக் குழாயில் விடுவார். மேலே அரை டம்ளர் தீர்த்தம், தீர்த்தமலையிலிருந்து வந்ததாம். பத்து எண்ணுவார். நுரை ஏறிய உயரம்தான் தோஷத்தின் அளவு. தீர்த்தப் பாட்டில்கள் இரண்டு: ஒன்றின் கழுத்தில் மஞ்சள் கயிறு, மற்றதில் சிவப்புக் கயிறு. யாருக்கு எது என்பது அருள்வாக்கில் வரும். அதற்கு முன்பே சாமியின் சீடர் வரிசையில் நின்று எல்லார் வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டுப் போவார். அருளுக்கும் தகவல் வேண்டுமல்லவா?

பானுமதி தன் மருமகள் காவேரியை அழைத்து வந்திருந்தார். அவள் வந்த நாள்முதல் தக்காளி விலை விழுந்துவிட்டதாம். (விலை மாரண்டஹள்ளி மண்டியில் எல்லாருக்கும்தான் விழுந்தது. மற்றவர்களுக்கு எந்த மருமகளோ!) சாமி சிவப்புக் கயிறு கட்டிய பாட்டிலை எடுத்து ஊற்றினார். நுரை குழாயின் கழுத்தைத் தொட்டது.

"இந்தப் பொண்ணு இருந்தா வூடு வெளங்காது. இன்னைக்கே அனுப்பிரு."

பானுமதி மகனைப் பார்த்தார். "சரத்து, இவள அவ அம்மா வூட்டுக்கு அரூர் பஸ்ல ஏத்தி வுட்டுட்டு வா."

சரத் மனைவியின் பையைத் தூக்கினான். காவேரி நகரவில்லை. அவள் உயிர்வேதியியல் படித்தவள்.

"போறேங்க அத்தை. அதுக்கு முன்னாடி இன்னொரு கெழங்க நீங்க நசுக்குங்க. உங்க தோஷத்தையும் பாத்துரலாம்."

வரிசை சிரித்தது. சாமியால் மறுக்க முடியவில்லை. பானுமதி நசுக்கிய கிழங்கின் சாறு ஒரு கரண்டி குழாயில் விழுந்தது.

காவேரி சிவப்புப் பாட்டிலிலிருந்து ஒரு மூடி அளவு எடுத்து, அரை டம்ளர் வரும்வரை தண்ணீர் கலந்து ஊற்றினாள். பத்து எண்ணினார்கள். நுரை நின்ற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அதைப்போல இருமடங்கு உயரத்தில் இரண்டாவது பொட்டு. குழாயைக் கழுவிப் புதுச் சாறு விட்டாள்.

"இப்ப ரெண்டு மூடிங்க. ரெண்டாவது பொட்டுகிட்ட வந்து நிக்கும்."

நின்றது.

"நான் தண்ணி கலக்காம ஊத்தறேன்," என்று சாமி எழுந்து, குழாயைக் கழுவிப் புதுச் சாறு விட்டார். "கூரையத் தொடும் பாரு."

காவேரி குழாயின் கழுத்தில் மூன்றாவது பொட்டை ஒட்டினாள். "இதுக்கு மேல ஏறாதுங்க."

சாமி ஊற்றினார். நுரை பொட்டைத் தொட்டது. மேலே ஏறவில்லை.

"கெழங்குல நொதின்னு ஒண்ணு இருக்குதுங்க. மண்டியில பெட்டி ஏத்தற ஆளுங்கன்னு வெச்சுக்கங்க. ரெண்டு மடங்கு பெட்டி வந்தா ரெண்டு மடங்கு ஏத்துவாங்க. மலையா குவிஞ்சா? ஆளு அதே நாலு பேரு, அதுக்கு மேல வேகம் வராது. பெட்டிங்கறது இந்தத் தீர்த்தம், புண்ணு கழுவ மெடிக்கல்ல விக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு. நொதி அத ஒடைக்கறப்ப வர்றதுதான் நுரை. செவப்புல கெட்டியா இருக்குது, மஞ்சள்ல தண்ணியா இருக்குது. தோஷமெல்லாம் பாட்டில்லதாங்க."

பானுமதி மூன்றாவது பொட்டையே பார்த்தார். மருமகளுக்கு நுரை நின்ற அதே இடம்.

"ஏஞ்சாமி, அவளுக்கும் எனக்கும் ஒரே அளவுங்களா? அப்ப நான் எந்த பஸ்ல ஏறட்டும்?"

சாமி சீடரைத் தேடினார். சீடர் ஏற்கெனவே ஒரு பஸ்ஸில் ஏறியிருந்தார். சரத் பையைக் கீழே வைத்தான். அன்று அவன் எடுத்த ஒரே துணிச்சலான முடிவு அது.

நுரை ஏறப் பத்து எண்ணினால் போதும். யோசிக்க இன்னும் கொஞ்சம் எண்ண வேண்டும். ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும் முன் அவ்வளவுகூட எண்ண மாட்டோமா?