நீலிக்குளத்துக் கெண்டை மீன்கள் — ஓர் ஆய்வு

ஒரு காட்டில் ஒரு முதுகலைத் துறை இருந்தது. காட்டுக்கு எதற்கு முதுகலைத் துறை என்று கேட்கக் கூடாது. ஒரு குகை காலியாகக் கிடந்தது, ஒரு கரடி வேலையில்லாமல் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். மற்ற துறைகள் எப்படித் தோன்றின என்பது எனக்குத் தெரியாது. நமக்கெதற்கு வம்பு.

அந்தக் கரடியின் பெயர் முனைவர் மாசிலாமணி. அவரிடம் அந்த வருஷம் ஆய்வேடு எழுத வந்து சேர்ந்தவள் அமராவதி என்கிற நீர்நாய். நீர்நாய்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஆற்றின் பெயரை வைப்பது வழக்கம். இவளுடைய தம்பிகள் நொய்யலும் குடமுருட்டியும்.

பெயரில்தான் ஆறு ஓடியது. அவர்கள் குடியிருந்த ஓடை வருஷத்துக்கு வருஷம் வற்றி, ஒரு எருமை படுத்தால் நிறைந்துபோகிற குட்டையாகச் சுருங்கிவிட்டது. அம்மா தனக்குப் பசியில்லை பசியில்லை என்று சொல்லியே பிள்ளைகளுக்கு மீனைக் கொடுத்து, எலும்பும் தோலுமாகிவிட்டாள். பட்டம் வாங்கி ஒரு வேலையில் உட்கார்ந்து, நல்ல தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து இவர்களைக் குடிவைத்துவிட வேண்டும் என்பதுதான் அமராவதியின் கனவு.

"தலைப்பு ஏதாச்சும் யோசிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார் கரடி.

"ஓடையெல்லாம் ஏன் வத்துதுன்னு பாக்கலாம்னு இருக்கேங்கய்யா."

கரடிக்கு முகம் சுண்டிவிட்டது. "அது பெரிய விஷயம்மா. முதுகலைக்குத் தாங்காது. நம்ம துறைக்குன்னு ஒரு மரபு இருக்குல்ல? நீலிக்குளம்!"

அலமாரியைத் திறந்து காட்டினார். நீலிக்குளத்து நண்டுகள் — ஓர் ஆய்வு. நீலிக்குளத்து நத்தைகள் — ஓர் ஆய்வு. நீலிக்குளத்து அல்லி, நீலிக்குளத்துத் தும்பி, நீலிக்குளத்துத் தவளை என்று ஒரு டஜன் ஆய்வேடுகள், எல்லாம் கறுப்பு அட்டை, தங்க எழுத்து. முதல் ஆய்வேடு கரடியே எழுதியது. மற்றவற்றை எழுதிய மாணவர்கள் எல்லாரும் இன்று காட்டில் பெரிய பெரிய பதவியில் இருக்கிறார்கள்.

"போன வருஷத்துத் தவளைய எடுத்துக்க. தவளைன்னு வர்ற இடத்துல எல்லாம் கெண்டைன்னு போட்டுக்க. 'தாவும்'னு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் பாத்துப் பண்ணு."

அமராவதி தவளையைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே, 'நீலிக்குளம் வற்றாத குளம். கடுங்கோடையிலும் யானை மூழ்கும் ஆழம் உடையது. மீன்வளம் மிக்கது' என்று இருந்தது. வேலை கிடைக்கிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அம்மாவை இப்போதே அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமே!

ஒவ்வொரு ஆய்வேட்டிலும் 'கள ஆய்வு' என்று ஓர் இயல் இருந்தது. 'ஆய்வாளர் நீலிக்குளக் கரையில் பல நாள் தங்கித் தரவுகளைத் திரட்டினார்' என்று அது தொடங்கும். அதைப் படித்த அமராவதி, அப்படியானால் நாமும் நேரில் போக வேண்டும்போல என்று நினைத்துவிட்டாள். துறை தொடங்கிய நாளிலிருந்து எந்த மாணவரும் செய்யாத தப்பு அது.

வழி எல்லா ஆய்வேட்டிலும் ஒரே மாதிரி இருந்தது. ஊசிப்பாறைக்குக் கிழக்கே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே. அமராவதி போனாள். ஊசிப்பாறை இருந்தது. இரண்டு குன்றுகளும் இருந்தன. நடுவில் கருவேல முள்ளும், கால் வைத்தால் பொரிந்துவிடுகிற மண்ணும் இருந்தன. ஒரு பாறைமேல் உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நீலிக்குளம் எங்கண்ணே இருக்கு?"

"என்னது?"

"குளம்ணே. தண்ணி."

"தண்ணின்னா மேலேருந்து விழுமே, அதா? எப்பவாச்சும் விழும். விழுந்தா நிக்காது, அந்தாண்ட சரிஞ்சு ஓடிரும்." உடும்பு யோசித்தது. "எங்க தாத்தா காலத்துலருந்து இங்கதான் கெடக்கோம் தாயி. குளம்னு ஒண்ணு இருந்தா தாகத்தோட கெடப்போமா?"

அமராவதி இரண்டு குன்றுகளையும் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அந்த முள்ளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். ஆய்வுக்காக அழவில்லை. அம்மாவிடம் குளத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திரும்பி வந்து கரடியிடம் சொன்னபோது அவர் தேனடையைக் கீழே வைத்துவிட்டார்.

"போய்ப் பாத்தியா? யாரு உன்னப் போகச் சொன்னா?"

"கள ஆய்வுன்னு ஒரு இயல் இருக்கேங்கய்யா."

"அது இயலும்மா! எழுதுறதுக்கு!" கரடி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா பாரு. நான் ஆய்வேடு எழுதின வருஷம் கால்ல முள்ளு. நடக்க முடியல. குகையில உக்காந்து, தண்ணி தவிக்குது, ஒரு குளம் இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே எழுதினேன். நல்லா வந்துச்சு. எங்க ஐயா படிக்காமயே கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் வந்தவனுங்க எல்லாம் என்னையே மேற்கோள் காட்டினானுங்க. இப்ப அத்தன மேற்கோளையும் பொய்யாக்கப் போறியா? பேசாம கெண்டைய எழுதிக் குடுத்துட்டுப் போ."

அமராவதி தலையை ஆட்டினாள். ஆனால் உட்கார்ந்து எழுதியபோது கை வேறு மாதிரிப் போயிற்று. அட்டையில் அதே தலைப்புதான். உள்ளே உள்ளது உள்ளபடி. 'நீலிக்குளம் என்று ஒரு குளம் இல்லை. குளம் இல்லாததால் அதில் கெண்டை மீன்கள் இல்லை. கெண்டை மீன்களின் உணவு, இனப்பெருக்கம், பழக்கவழக்கம் ஆகிய மூன்று இயல்களும் இதனால் தேவைப்படவில்லை.' கடைசியில் 'பரிந்துரைகள்' என்று ஒரு பக்கம் வைத்தாக வேண்டும். அதில் ஒரே வரி எழுதினாள்: 'மழைத் தண்ணீர் சரிந்து ஓடும் அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டலாம்.'

இதைக் கரடி விடுவாரா என்று நீங்கள் கேட்பீர்கள். அவருடைய ஐயாவிடமிருந்து கற்றுக்கொண்டதை அவர் மறக்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, 'இது ஆய்வாளரின் சொந்த முயற்சி என்று சான்றளிக்கிறேன்' என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டார். தூக்கணாங்குருவியின் பைண்டிங் கடையில் அது கறுப்பு அட்டைக்குள் புகுந்து, தங்க எழுத்தோடு வெளியே வந்தது. மற்றதைவிடக் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

இனி பாக்கி இருந்தது வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும். அதற்கு ஒவ்வொரு வருஷமும் தூரதேசத்திலிருந்து வருகிற தேர்வாளர், முனைவர் தணிகாசலம் என்கிற நாரை. அவரும் அட்டை மட்டும் படிக்கிறவர்தான். இந்த வருஷம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

'வைவா அன்று துறையில் தரும் சமோசா எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மறுநாள் பறக்க முடியாமல் அவதிப்படுகிறேன். இவ்வாண்டுத் தலைப்பைக் கண்டதும் நாவில் நீர் ஊறியது. ஆகவே வைவாவை நீலிக்குளக் கரையிலேயே வைத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டாம்.'

கடிதத்தைப் படித்து முடித்ததும் கரடி பழைய மாணவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். காட்டுச் செயலாளர் நரி வந்தது. சாலைப் பொறுப்பிலிருக்கும் காட்டுப்பன்றி வந்தது. தபால் துறைக் கூழைக்கடா, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் முள்ளம்பன்றி என்று குகை நிறைந்துவிட்டது.

"குளம் இல்லேன்னு வெளிய தெரிஞ்சா என் பட்டம் போச்சு," என்றது நரி. "பட்டம் போனா பதவி போச்சு. இந்த வயசுல நான் திரும்பக் கோழி பிடிக்க அலைய முடியுமாங்கய்யா?"

"ஆய்வேட்டை எல்லாம் திருத்திட்டா?" என்றது காட்டுப்பன்றி.

தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அது அலமாரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. "பைண்டிங் போட்டாச்சுங்க. பிரிச்சா கந்தலாயிரும்."

கரடி மெதுவாகத் திரும்பிக் கிழக்கே பார்த்தார்.

மறுநாளே வேலை தொடங்கியது. காட்டுப்பன்றி தன் சாதிசனம் முழுவதையும் கூட்டிவந்து மண்ணைக் கிளறியது. யானைகள் வேலமரங்களைப் பிடுங்கின. கரடி கரையில் நின்று தன் ஆய்வேட்டை உரக்கப் படித்துக்கொண்டே இருந்தார். 'வடகரை பிறை போல் வளைந்திருக்கும்' என்றால் உடனே வடகரையை வளைத்தார்கள். அந்த ஆய்வேட்டை ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது அதுதான் முதல் தடவை. உடும்பு வெயில் காய்வதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வு மாணவி என்றால் ஐயா வீட்டு வேலையும் உண்டு என்பதால் அமராவதியையும் மண் சுமக்கக் கூப்பிட்டார்கள். தன் பரிந்துரையை யாரும் படிக்காமலேயே நிறைவேற்றுகிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்று ஒன்று தைத்தது. நாரை வரும்போது இங்கே குளம் இருக்கும். தன் ஆய்வேடோ குளம் இல்லை என்கிறது.

கூடையைப் போட்டுவிட்டுக் கரடியிடம் ஓடினாள். "ஐயா, என் ஆய்வேட்ல ஒரு விஷயம்..."

"எல்லாம் அப்புறம். மண்ண எடு, மேகம் கட்டுது."

அவளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. நாரைக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லியனுப்பலாம். அவர் வந்து வெறும் பள்ளத்தைப் பார்த்தால் அவள் ஆய்வேடு ஜெயித்துவிடும். பொய் எழுதினவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பள்ளமும் பாதியில் நின்றுவிடும். அமராவதி இருட்டிக்கொண்டு வந்த மேகத்தைப் பார்த்தாள். அம்மாவின் விலா எலும்புகள் நினைவுக்கு வந்தன. கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. சரிந்து ஓடிப் பழகிய தண்ணீர் முதல் தடவையாக நின்றது. குளம் தளும்பியது. மீனுக்கு எங்கே போவது என்று தவித்தபோது, அமராவதிதான் தன் வீட்டுக் குட்டையைக் காட்டிக்கொடுத்தாள். கூழைக்கடா தன் அலகுப் பைக்குள் கெண்டைகளை அள்ளிக்கொண்டு நடக்க, அவள் அம்மாவும் நொய்யலும் குடமுருட்டியும் 'எங்க மீனு, எங்க மீனு' என்று பின்னாலேயே ஓடிவந்து, குளத்தைக் கண்டதும் மீனை மறந்து தண்ணீரில் பாய்ந்தார்கள்.

மழை ஓய்ந்து, மீன்கள் குஞ்சு பொரித்துக் குளம் கலகலவென்று ஆனபிறகு நாரை வந்தார். வந்ததும் முதலில் சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார். பிறகு ஒற்றைக் காலில் நின்று, வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆய்வேட்டை அட்டை தாண்டித் திறந்தார். கெண்டையின் ருசி அப்படி. அதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுவிட்டார்.

"குளம் இல்லை என்று எழுதியிருக்கிறதே?"

கரையில் இருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"நான் எழுதினப்ப இல்லீங்கய்யா," என்றாள் அமராவதி. "அதுக்கப்புறந்தான் வெட்டினாங்க. இவங்க எல்லாருந்தான்."

"ஒரு டஜன் ஆய்வேடுகள் குளம் இருக்கிறது என்கின்றன. எல்லாவற்றிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது என் வயிற்றில் இருக்கிற மீனும் அதையேதான் சொல்கிறது." நாரை கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இதைக் கேளுங்கள். இங்கே ஒரு குளம் வெட்டலாமாம்! குளத்துக்குள்ளேயே குளமா? இந்தப் பெண் கள ஆய்வுக்கு வரவே இல்லை. எங்கேயோ உட்கார்ந்து கற்பனையாக எழுதியிருக்கிறாள்."

"நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேங்கய்யா," என்றார் கரடி, மூச்சு திரும்பி வந்த வேகத்தில். "நேர்ல போய்ப் பாரும்மான்னு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க கேக்குது!"

எல்லாரும் 'த்சு, த்சு' என்றார்கள். ஆய்வேடு தேர்ச்சி பெறவில்லை. நரிக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைத்தது. கரடிக்குச் சிறந்த நெறியாளர் விருது கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள்.

அமராவதி ஒல்லி ஆய்வேட்டை இடுக்கிக்கொண்டு தென்கரைக்குப் போனாள். தம்பிகள் தண்ணீரில் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாய் நிறைய மீனோடு தலையைத் தூக்கினாள். விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை.

"பாஸாம்மா?"

"இல்லம்மா. குளம் இருக்காம்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதான் இருக்கே," என்றாள். "அழாத. உள்ள வா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு."

அமராவதி குதித்தாள். அடியாழம் வரைக்கும் போய் நன்றாக அழுதாள். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. மேலே வரும்போது அவள் வாயில் ஒரு கெண்டை இருந்தது. நல்ல கொழுத்த கெண்டை.

நீதி: உண்மையைக் கண்டுபிடித்தால் அவசரப்பட்டு பைண்டிங் போட்டுவிடாதீர்கள். பொய் எழுதினவர்கள் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்கள்.