குயில் நூல் பார்த்த கோடை

ஒரு காட்டில் கோடை வந்தால் எல்லாருக்கும் பின்னல் வேலை வந்துவிடும். மற்ற மாதங்களில் சோம்பிக் கிடப்பவர்கள்கூடப் பங்குனி பிறந்ததும் வாயில் ஒரு நாரோடு அலைவார்கள். பின்னுவது கூடுதான். வேறு எதையும் பின்னும் வழக்கம் அங்கே இல்லை. எல்லாருக்கும் உடம்பில் போதுமான இறகு இருந்தது.

அந்தக் காட்டில் மிருணாளினி என்று ஒரு குயில் இருந்தாள். அவள் அதுவரை எதையும் பின்னியதில்லை. ஆனால் பின்னலைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. காட்டின் ஓரமாகப் போகும் மின்கம்பியில் காலையில் பறவைகள் கூடும்போது அவள் நடுவில் உட்கார்ந்து பேசுவாள். கோடைக்குக் கனத்த நூல் ஆகாது. காற்று நுழைந்து வெளியேறும் நூலாக இருக்க வேண்டும். அது இயற்கையாக விளைந்திருக்க வேண்டும். உரமோ மருந்தோ பட்டிருக்கக் கூடாது. பின்னல் மாதிரியில் இடைவெளி வேண்டும். முட்டை நழுவும் அளவுக்கு இடைவெளி கூடாது. புறாக்கள் தலையை ஆட்டும். புறாக்கள் எதற்கும் தலையை ஆட்டும் என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

அந்த வருடம் அவள் வயிற்றில் முட்டை இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. கூடு இல்லை.

"கூடு என்ன ஆச்சு?" என்று கேட்டான் அவள் கணவன். அவன் பாடகன்.

"நூல் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"எந்த நூலா இருந்தா என்ன?"

அவள் சிவந்த கண்களால் அவனைப் பார்த்தாள். பெண்குயிலுக்குக் கண் எப்போதும் சிவப்புதான். இருந்தாலும் அவன் எழுந்து அடுத்த மரத்துக்குப் போய்ப் பாடத் தொடங்கினான்.

நார்க்கடை புளியமரப் பொந்தில் இருந்தது. கடைக்காரன் தங்கப்பழம் என்ற அணில். குயிலைப் பார்த்ததும் அவன் வால் தானாக ஒருமுறை நிமிர்ந்து பிறகு தொய்ந்தது.

"வாங்கக்கா. நேத்து பார்த்ததையே மறுபடி எடுத்துப் போடவா, வேற எதுவும் பாக்கீங்களா?"

"இலவம்பஞ்சு காட்டு."

காட்டினான். அவள் ஓர் இழையை அலகால் இழுத்துப் பார்த்தாள்.

"ரொம்ப வெள்ளையா இருக்கே. வெளுத்திருக்காங்களா?"

"காய் வெடிச்சதும் நானே பொறுக்கிட்டு வந்தேங்கா. மரத்துல ஏறி யாரு வெளுப்பா?"

"மரம் எங்க நிக்குது?"

"ரோட்டோரம்."

"லாரிப் புகை."

அணில் பஞ்சை எடுத்து உள்ளே வைத்தான். அடுத்ததாக எருக்கம்பஞ்சை எடுத்து வந்தான். இதில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

"இது சுடுகாட்டுல விளைஞ்சது. உரம் கிடையாது, மருந்து கிடையாது. தண்ணிகூட யாரும் ஊத்தினது கிடையாது."

குயில் அந்தப் பஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மென்மையாக இருந்தது. குளிர்ச்சியாகவும் இருந்தது. அவள் கண் ஒரு கணம் சொக்கியது. பிறகு திறந்தது.

"சுடுகாட்டுல யாரை எரிக்கிறாங்க?"

"செத்தவங்களத்தான்."

"அவங்க என்ன சாப்பிட்டு வளர்ந்தவங்க?"

அணில் யோசித்தான். "ரேஷன் அரிசிதான் சாப்பிட்டிருப்பாங்க."

"அந்த வயலுக்கு யூரியா போட்டிருப்பாங்களே. சாம்பல்ல அது இறங்காதா?"

தங்கப்பழம் எருக்கம்பஞ்சையும் உள்ளே வைத்தான். அவனுடைய அப்பாவும் நார்க்கடைதான் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் வாங்க வந்தவர்கள் செத்தவர்களைப் பற்றி விசாரித்ததில்லை.

தேங்காய் நார் குத்தும் என்றாள். வாழைநாரைத் தட்டிக் கேட்டுவிட்டு, கன்று எங்கே வாங்கியது என்றாள். கடைசியில் பொந்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே வலையின் நடுவில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தாள். சொன்ன கனத்தில் நூல் இழுத்துத் தருபவள்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள் குயில்.

"ஈ."

"எந்த ஈ?"

"வந்து மாட்டுற ஈ."

"அது எங்கேருந்து வருது? மருந்தடிச்ச தோட்டத்துலேருந்து வந்தா?"

"வர்ற ஈகிட்ட நான் ஊரு பேரெல்லாம் கேக்கறதில்லம்மா."

"கேக்கணும். அது உங்க உடம்புல போய்த்தானே நூலா வருது?"

அந்தக் கேள்வி சிலந்தியின் மனதில் தைத்துவிட்டது. அன்று சாயங்காலம் மாட்டிய ஈயிடம் எந்த ஊர் என்று கேட்டாள். ஈ தன் ஊரைச் சொன்னது, அங்குள்ள மாட்டுத்தொழுவத்தைச் சொன்னது, சொந்தக்காரர்களைச் சொன்னது. சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காலாக விடுவித்துக்கொண்டு போய்விட்டது. சிலந்தி அன்று பட்டினி.

நூல் ஒரு பக்கம் என்றால் மாதிரி இன்னொரு பக்கம். குயிலிடம் புழு அரித்த தேக்கிலைகள் நிறைய இருந்தன. நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடைபோல இருப்பவை. புழு தின்ற இலை என்றால் மருந்து படாத இலை என்பதால் மாதிரிகளும் இயற்கையானவைதான். ஒன்றுக்கு மீன்முள் என்று பெயர் வைத்திருந்தாள். ஒன்றுக்குத் தேன்கண். ஒன்றுக்குத் தூறல். மீன்முள் நெருக்கமானது, உள்ளே புழுங்கும். தூறல் அழகானது, உள்ளே இருப்பது கீழே விழும். மெல்லிய நூல் என்றால் மீன்முள் போடலாம். தடித்த நூல் என்றால் தூறல் போடலாம். நூல் முடிவானால்தான் மாதிரி முடிவாகும். மாதிரி முடிவானால்தான் நூல் முடிவாகும்.

முட்டைக்கு இதெல்லாம் தெரியாது. கடையிலேயே அவள் வயிறு ஒருமுறை இழுத்தது.

"அக்கா, முகமே சரியில்லையே," என்றான் தங்கப்பழம். "அளவாவது பார்த்துட்டீங்களா?"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகப் பின்னப் போகிறவள், ஏற்கெனவே பின்னி முடித்த ஒருத்தியின் கூட்டில் உட்கார்ந்து அளவு பார்க்க வேண்டும். கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்கும்போது கூட்டுக்காரி வேறு கிளைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்தால் கண் பட்டுவிடும். யார் கண் யார்மேல் படும் என்பதில் இரண்டு கருத்து இருந்தது. முதுகைக் காட்டுவதில் ஒரே கருத்துதான்.

பக்கத்து வேப்பமரத்தில் பேச்சியம்மாள் என்ற காகத்தின் கூடு இருந்தது. குயில் அங்கே போனாள்.

பேச்சியம்மாள் பதறிக்கொண்டு எழுந்தாள். "மிருணாளினியம்மாவா! நம்ம கூட்டுக்கா! சொல்லிவிட்டிருந்தா கொஞ்சம் ஒதுங்க வச்சிருப்பனே."

கூட்டில் விளக்குமாற்றுக் குச்சி இருந்தது. சட்டை மாட்டும் கம்பி ஒன்று வளைந்து கிடந்தது. கொசுவலைக் கிழிசல், தேய்ந்த பல்துலக்கும் பிரஷ், ஒற்றை ஷூ லேஸ், எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிக் கட்டிய நீல நைலான் கயிறு. நடுவில் காகத்தின் முட்டைகள்.

குயில் கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன மாதிரி போட்டே, பேச்சி?"

"மாதிரியா? கிடைச்சதை வச்சுச் சொருகினதும்மா."

"நூல் எங்க வாங்கினே?"

"குப்பைத்தொட்டியில."

"அளவு பார்க்க வந்தேன்."

"பாருங்க பாருங்க. ஆற அமர உக்காந்து பாருங்க." பேச்சியம்மாள் அடுத்த கிளைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் குயிலின் கணவன் அதே மரத்தின் உச்சியில் வந்து பாட ஆரம்பித்தான். பேச்சியம்மாளுக்கு அவன் பாட்டு ஆகாது. "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? தொண்டையில முள்ளு மாட்டுனவன் மாதிரி!" என்று கத்திக்கொண்டு துரத்திப் போனாள்.

குயில் கூட்டுக்குள் இறங்கினாள். கம்பி விலாவில் இடித்தது. நைலான் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியது. இந்த இடத்தில் ஒரு குழந்தை எப்படி வளரும் என்று அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தின் நடுவிலேயே முட்டை வந்துவிட்டது.

அவள் எழுந்து பார்த்தாள். அது மற்ற முட்டைகளோடு போய் ஒட்டிக்கொண்டது. நிறமும் கிட்டத்தட்ட அதே நிறம்.

எடுத்துப் போகலாம் என்றால் எங்கே எடுத்துப் போவது? எருக்கம்பஞ்சு விஷயமாக இன்னும் விசாரிக்க வேண்டியிருந்தது. வாழைநார்க்காரன் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். கூடு முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். இதைப் பேச்சியிடம் சொல்லியிருப்பாள். அவள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாளே. கிளம்பும்போது நீலக் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துக் கீழே தொங்கவிட்டாள். பிள்ளைக்கு ஆகாது.

பேச்சியம்மாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். முட்டைகளை எண்ணவில்லை. கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள். இறுக்கிக் கட்டினாள். கட்டியதும் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அடைகாக்கும் வேலை இருந்தது.

முதலில் பொரிந்தவன் பெரிய வாயோடு வந்தான். மற்ற இரண்டும் பிறகு வந்தன. பேச்சியம்மாள் காலையில் போய்ச் சாலையோரக் கடையிலிருந்து ஒரு பரோட்டாத் துண்டு கொண்டுவந்தாள். சின்னவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். மூத்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"என்னல ஆச்சு? தின்னு."

"மைதாவா?" என்று கேட்டான் மூத்தவன்.

பேச்சியம்மாளின் அலகிலிருந்து பரோட்டா நழுவிக் கீழே விழுந்தது. அவள் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கேள்வி எந்தக் காகக் கூட்டிலும் கேட்கப்பட்டதில்லை. அவள் ஒரு புழு கொண்டுவந்தாள். "எந்தத் தோட்டத்துப் புழு?" என்றான். அத்திப்பழம் கொண்டுவந்தாள். "தானாப் பழுத்ததா, மருந்து வச்சுப் பழுக்க வச்சதா?" என்றான். பிறகு கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நைலான். வெயிலுக்கு ஆகாது," என்றான். அவனுக்கு அப்போது இறகுகூட முளைக்கவில்லை.

பேச்சியம்மாள் தங்கப்பழத்தின் கடைக்குப் போனாள். "மருந்து படாத பழம் இருந்தா குடுடே. மரத்துலயே பழுத்திருக்கணும். மரம் ரோட்டுல இருந்து தள்ளி நிக்கணும்."

அணில் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தான். "யாருக்கு அத்தே?"

"என் மூத்தவனுக்கு."

"அத்தே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்தப் பேச்சை நான் இந்தக் கடையில வேற ஒரு வாயில கேட்டிருக்கேன். அது உங்க பிள்ளை இல்ல."

"தெரியும்டே."

"எப்ப தெரியும்?"

"மைதாவான்னு கேட்டான் பாரு, அப்பவே தெரியும்."

"பின்னே ஏன் ஊட்டி வளக்கீங்க? கொத்தித் துரத்த வேண்டியதுதானே?"

பேச்சியம்மாள் கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். "நான் பெத்ததுங்க குடுத்ததைத் தின்னுட்டுத் தூங்குதுங்க. அதுங்களால எனக்கு என்னடே பெருமை? எங்க சனத்துல இதுவரைக்கும் யாராச்சும் சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா? இவன் சொல்றான். அந்தப் பழத்தை எடு. அழுத்திப் பார்க்காதே, கன்னிப்போகும்."

பழுத்த பழமெல்லாம் மூத்தவனுக்குப் போயிற்று. அவன் வேண்டாம் என்று ஒதுக்கியதைச் சின்னவர்கள் தின்றார்கள். நிறைய ஒதுக்கினான் என்பதால் அவர்களும் நன்றாகவே வளர்ந்தார்கள். பேச்சியம்மாள்தான் மெலிந்தாள். இறகு கொட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. அதோடு அவளுக்குப் பகலெல்லாம் ஒரே பயம். குயில் என்றைக்கு வேண்டுமானாலும் வந்து, என் பிள்ளையைக் கொடு என்று கேட்டுவிடலாம். வழியில் புளியமரக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். உள்ளே குயில் ஒரு நாரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். பேச்சியம்மாளுக்கு மூச்சு வரும்.

கோடை முடியப்போகும் சமயத்தில் பிள்ளைகள் பறக்கப் பழகினார்கள். பேச்சியம்மாள் மூவரையும் கூட்டிக்கொண்டு மின்கம்பிக்கு வந்தாள். ஓரமாக உட்கார்ந்தாள். நடுவில் குயில் பேசிக்கொண்டிருந்தாள். எருக்கம்பஞ்சின் மென்மையைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது.

"அது சுடுகாட்டுல விளைஞ்சதா இருந்தா?" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

புறாக்கள் தலையாட்டுவதை நிறுத்தின. குயில் திரும்பினாள். மூத்தவனைப் பார்த்தாள். அவன் இறகில் இங்கும் அங்கும் வெள்ளைப் புள்ளி இருந்தது.

"இது யார் பிள்ளை?" என்றாள்.

கம்பியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தூரத்தில் கணவன் பாடுவது மட்டும் கேட்டது.

"உங்க பிள்ளைதாம்மா," என்றாள் பேச்சியம்மாள். அவள் நகங்கள் கம்பியை இறுக்கிக்கொண்டன. "கூட்டிட்டுப் போறீங்களா?"

"எங்கே கூட்டிட்டுப் போறது, பேச்சி? இன்னும் நூலே முடிவாகலியே."

பேச்சியம்மாள் நகத்தைத் தளர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் மூத்தவன் அவள் பக்கத்தில் இல்லை. கம்பியில் நகர்ந்து நகர்ந்து நடுவுக்குப் போயிருந்தான். குயில் சற்று ஒதுங்கி இடம் கொடுத்தாள். அவன் தொண்டையைச் சரி செய்துகொண்டு, நைலான் கயிற்றில் வளரும் குழந்தைகளுக்கு என்னென்ன தீங்கு வரும் என்று பேசத் தொடங்கினான். நேரில் பார்த்தவன் என்பதால் பேச்சு உருக்கமாக இருந்தது. புறாக்கள் தலையை ஆட்டின.

"அண்ணன் பேசுறதைப் பாருங்கலே," என்று பேச்சியம்மாள் சின்னவர்களை இடித்தாள். அவர்கள் வாயில் பரோட்டா இருந்தது.

கூட்டம் கலைந்தபோது அவள் குயிலின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அடுத்த வருசமும் அளவு பார்க்க நம்ம கூட்டுக்கே வரணும்மா."

குயில் யோசித்தாள்.

"வரேன். ஆனா அந்த நீலக் கயிறை எடுத்துடு."

"எடுத்துடுறேம்மா."

நீதி: நல்ல நூல் கிடைக்கும்வரை பின்னத் தொடங்காதீர்கள். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.