மகளின் சீனித்தண்ணீர்

ஊசியைக் கண்டால் எனக்குப் பயம். எனக்குக் குத்தினாலும் சரி, அடுத்தவருக்குக் குத்தினாலும் சரி. (பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எனக்கு ஆட்டிறைச்சி வெட்டுகிற வேலை. இதை அங்கே யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.)

மகள் பிறந்த மறுநாள் இரத்தப் பரிசோதனைக்காக அவளுடைய குதிகாலில் குத்தினார்கள். அவள் வீரிட்டாள், நான் வெளியே ஓடிவிட்டேன். வயிற்றில் தையலோடு படுத்திருந்த என் மனைவி சுகந்தி கண்டிப்பாகச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, நாளைக்கும் குத்துவினமாம். இன்னொருக்கா ஓடினீங்களெண்டா பிள்ளையை உங்கடை கையிலை தரமாட்டன்."

மறுநாள் சுகந்திக்குக் காய்ச்சல், கண் அயர்ந்திருந்தாள். அதனால் தாதி என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தேர்த்திருவிழாவைத் தவிர பாரிஸில் நான் எங்கும் வெறும் மேலோடு நின்றதில்லை. பிள்ளையை என் நெஞ்சில் கிடத்திப் போர்த்தினார். அப்பாவின் உடல் சூடு பட்டால் நோவு குறையும் என்றார். இதுவரை விளங்கியது. பிறகு நீளமாக ஏதோ சொன்னார். விளங்காவிட்டால் "வுய், வுய்" என்று ஆமாம் போடுவது என் பல வருடப் பழக்கம். அப்படியே சொன்னேன். விரலளவு குப்பி ஒன்றைத் திறந்து என் கையில் தந்தார்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் குடிக்கத்தான் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். நான் மயங்கி விழாமல் இருக்கத் தருகிறார், நல்ல மனுசி என்று நினைத்தேன். ஒரே மடக்கு. நல்ல இனிப்பு.

தாதி திறந்த வாய் மூடவில்லை. பிரெஞ்சில் அவர் பதறிய சத்தத்தில் சுகந்தி விழித்துவிட்டாள்.

"ஐயோ, அது பிள்ளைக்கு! சீனித்தண்ணி! நாக்கிலை விட்டா நோ தெரியாதாம். கடவுளே, என்னைச் சிரிக்க வைக்காதேங்கோ, தையல் இழுக்குது!"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பிறந்து இரண்டே நாளான பிள்ளையின் பங்கைப் பறித்துக் குடித்த தகப்பன்! தாதி இரண்டாவது குப்பியைக் கொண்டுவந்தார், ஆனால் என் கையில் தரவில்லை. தானே சொட்டுச் சொட்டாக விட்டார். மகள் நாக்கைச் சப்பிக்கொண்டிருந்தபோது குதியில் குத்தினார். ஒரு சின்ன முனகல். பிறகு மூக்கை என் நெஞ்சில் அழுத்தியபடி தூங்கிவிட்டாள். நான் ஓடவில்லை. அழுதது மட்டும் நான்தான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் அவளுக்குத் தடுப்பூசி போடப் போனோம். கையை நீட்டிவிட்டு, என்னைக் காட்டி டாக்டரிடம் பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "வுய், வுய்" என்றேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து என்னிடம் ஒரு இனிப்பை நீட்டினார்.